பழைய காருக்கு பிரேக் பேடும் டிஸ்க்கும் தேர்ந்தெடுத்த அனுபவம்

என் காருக்கு வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக, வேகத்தில் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறும், பெடலும் காலடியில் துடிக்கும். மெதுவாகப் போனால் ஒன்றுமே தெரியாது. "டிஸ்க் வளைஞ்சிருக்கு சார், பேடோட சேர்த்து மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, பேட் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் எதை வாங்கலாம் என்று தேடுவதற்கு முன்னால் பழசைக் கழற்றி அருகில் வைத்துப் பார்த்ததில்தான் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது.

முன் இடது சக்கரத்தில் உள்பக்கப் பேட் ஏறக்குறைய இரும்புத் தகடுவரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். பேடுகளைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்தான் காலிபர். என் காரில் உள்ள வகையில் பிஸ்டன் ஒரே பக்கம்தான் இருக்கும். அது உள்பேடைத் தள்ளும். காலிபர் தன் ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். அந்த ஸ்லைடு பின் நகராமல் இறுகிவிட்டால் உள்பேட் மட்டும் தனியாக மாரடிக்க வேண்டியதுதான். இழுத்துப் பார்த்தேன், ஒரு பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய்த் துருப்பிடித்திருந்தது. எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் இதை விட்டுவைத்தால் அதே கதிதான். அதனால் வாங்க வேண்டியவற்றில் முதலாவதாக எழுதியது பேட் அல்ல, இரண்டு பக்கத்துக்கும் ஸ்லைடு பின்னும் ரப்பர் உறையும்.

அடுத்து டிஸ்க். எந்த அளவுக்கு மேல் தேயக்கூடாது என்பதை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். துருவைச் சுரண்டினால் தெரியும். என்னுடையதில் 20 மி.மீ. புதிதில் 22 இருந்திருக்கும். தேயாத ஓரம் மேடாக நிற்பதால் சாதாரண வெர்னியர் அளவுகோல் அதன்மேல் உட்கார்ந்து அதிகமாகக் காட்டும். அதனால் மைக்ரோமீட்டரில் சுற்றிலும் பல இடங்களில் அளந்தோம். சில இடங்களில் 20.3-க்கு வந்துவிட்டது, எல்லா இடத்திலும் ஒரே தடிமனும் இல்லை. உதறலுக்குக் காரணம் அதுதான். தடித்த பகுதி பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் பிஸ்டனைப் பின்னால் தள்ளும், அந்தத் தள்ளல் பிரேக் ஆயில் வழியாகப் பெடலுக்கு வரும். மெக்கானிக் சொன்னதுபோல வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டில் வளைவது அபூர்வம். டிஸ்க் பொருந்தும் சக்கர மையமான ஹப்பில் துரு இருந்து டிஸ்க் இம்மி சாய்ந்து உட்கார்ந்தாலே போதும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசி அங்கே மட்டும் மெலிந்துபோகும்.

லேத்தில் கடைந்து போடலாமா என்ற யோசனையும் வந்தது. 20.3-ஐக் கடைந்தால் 20-க்குக் கீழே போய்விடும். மெலிந்த டிஸ்க்கால் சூட்டைத் தாங்க முடியாது. அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

புது டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியது விட்டம் மட்டுமல்ல. ஒரே மாடலில், எஞ்சினையும் சக்கர அளவையும் பொறுத்து இரண்டு மூன்று வித டிஸ்க் இருக்கும். முந்தைய உரிமையாளர் எதை மாற்றினார் என்பதும் தெரியாது. சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்த்தது போதாமல் விட்டம், மொத்த உயரம், நடு ஓட்டை, போல்ட் ஓட்டைகள் எல்லாவற்றையும் பழசோடு ஒப்பிட்டேன். உயரம் மாறினால் டிஸ்க் காலிபருக்கு நடுவில் நிற்காது.

ஓட்டை போட்ட டிஸ்க், கோடு வெட்டிய டிஸ்க் எல்லாம் பார்க்க அழகுதான். தினசரி ஓட்டத்துக்கு அதனால் எனக்குப் பயனில்லை. ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கும் ஆபத்தும் உண்டு. துருவைத் தடுக்கும் பூச்சுள்ள சாதாரண டிஸ்க்கே எடுத்தேன்.

பேடில்தான் ஆளுக்கொரு அறிவுரை. ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்த பேட்) சத்தமில்லாதது, ஆனால் சீக்கிரம் தேயும், சூடேறினால் பிடிப்பு குறையும். செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும். டிஸ்க்கையும் தின்னும், சக்கரத்தைக் கரியாக்கும். செராமிக் அமைதியானது, தூசி குறைவு. இதற்குமேல் பெட்டியில் எழுதியிருக்கும் பெருமைகளை நான் படிக்கவில்லை. பேடில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பார்த்தேன். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது சூடேறிய பிறகு. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. ‘எஃப்ஈ’ என்றிருந்தால் சூட்டில் தளர்கிறது என்று பொருள். அதைத் தள்ளிவிட்டு ‘எஃப்எஃப்’ எடுத்தேன். தேய்மானம் பற்றியோ சத்தம் பற்றியோ இந்த எழுத்துகள் எதுவும் சொல்லாது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஆர்90 முத்திரை. இந்த ஐரோப்பிய விதிப்படி மாற்றுப் பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. என் காரில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. முன்னும் பின்னும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற கணக்கு அசல் பேடை வைத்துப் போட்டது. அளவுக்கு மீறிக் கடிக்கும் பேடை முன்னால் போட்டால், ஈரச் சாலையில் முன்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பழைய காருக்கு ‘அசலைவிட மேல்’ என்பது எனக்கு வேண்டாத வரம்.

பொருத்தும்போது ஹப்பின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்கச் சொன்னேன். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைத்தோம். பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலும் எப்போது மாற்றியது என்றே தெரியாததால் அதையும் மாற்றினோம். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துக்கொண்டோம்.

பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, மறுபடி ஏற்றி, புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்படி பலமுறை பழக்கினேன். முழுதாக நிறுத்தவில்லை, சூட்டோடு ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் அச்சாகப் படியும். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டேன்.

உதறல் போய்விட்டது. சில வாரம் கழித்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது உள்பேடும் வெளிப்பேடும் ஒரே தடிமனில் இருந்தன. பின்சக்கர டிரம்மை இன்னும் திறக்கவில்லை. ஹேண்ட்பிரேக் முன்பைவிட உயரமாக ஏறுகிறது, அடுத்த வேலை அதுதான்.