கறுப்புப் பியரின் பக்கம் நின்று

கடந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் நால்வர் கூடியிருந்தோம். முருங்கையிலை போட்ட நண்டுக் கறி அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. காரைதீவிலிருந்து வந்த நண்பன் வழக்கம்போல ஸ்ட்ரோங் பியரை எடுத்தான். சித்தப்பா லாகரைக் கிளாஸில் ஊற்றி இரண்டு ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொண்டார். சூரிச்சிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சாள், அங்கே தான் விரும்பிக் குடிக்கும் கோதுமை பியர் இங்கே கிடைக்கவில்லை என்று வருந்தியபடி சித்தப்பாவின் லாகரில் பாதியைப் பங்கு கேட்டார். நான் ஸ்டவுட் என்னும் கறுப்புப் பியரைத் திறந்தபோது நண்பன் முகத்தைச் சுளித்து, "மச்சான், காசு குடுத்து இந்தக் கசாயத்தையா குடிக்கிறாய்?" என்று கேட்டான். அன்று கறி ஆறிவிடும் என்பதால் சுருக்கமாகவே பதில் சொன்னேன். சொல்லாமல் விட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் பழகியவர்களில் பெரும்பாலானோர் பியரைத் தேர்ந்தெடுப்பது அதன் சுவைக்காக அல்ல, அதிலுள்ள மதுசாரத்தின் அளவுக்காகவே. லயன் லாகரில் மதுசாரம் 4.8 வீதம், லயன் ஸ்ட்ரோங்கில் 8.8 வீதம். 625 மில்லிலீற்றர் கொண்ட பெரிய போத்தல் ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்த்தால், முதலாவதில் 30 மில்லிலீற்றர் தூய மதுசாரமும் இரண்டாவதில் 55 மில்லிலீற்றரும் இருக்கின்றன. 33.5 வீதமுள்ள சாராயத்தில் இந்த 55 மில்லிலீற்றரைப் பெறுவதற்கு ஏறத்தாழ 164 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும். அது கால் போத்தலுக்குச் சற்றே குறைவு. "பியர்தானே" என்று சொல்லிக்கொண்டு இரண்டு போத்தல் ஸ்ட்ரோங் குடிப்பவர், தாம் அரைப் போத்தல் சாராயத்துக்கு அருகில் நிற்பதை உணர்வதில்லை. நண்பனிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவன் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு, "அதுக்குத்தானே வாங்கிறது" என்றான். நாள் முழுவதும் வெயிலில் சீமெந்து குழைத்துவிட்டு, கையிலுள்ள சொற்பக் காசுக்கு ஒரே ஒரு போத்தல் வாங்குகிறவனின் நியாயம் அது. அதை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் அது போதையைப் பற்றிய தேர்வு, பியரைப் பற்றியது அல்ல.

சித்தப்பாவின் லாகருக்கு வேறொரு நியாயம் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில், வாவிக் கரையிலிருந்துகூட அனல் எழும் பிற்பகலில், உடல் கேட்பது குளிர்ச்சியையும் மெல்லிய கசப்பையும்தான். பொன்னிற லாகர் அதற்கென்றே பிறந்ததுபோல் தோன்றினாலும், அது பிறந்தது குளிர் நாட்டில். 1842 இல், அந்நாளைய பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின்) பில்சன் நகரில் யோசப் குரோல் என்பவர் தயாரித்த பியர்தான் இன்று உலகெங்கும் குடிக்கப்படும் பொன்னிற லாகர்களுக்கு முன்னோடி. லாகரைப் புளிக்கவைக்கும் மதுவம் (ஈஸ்ட்) குளிரில் மெதுவாக வேலை செய்வது. தயாரான பியரையும் குளிரில் நெடுநாள் வைத்திருப்பார்கள். களஞ்சியம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்தே அதற்கு அந்தப் பெயரும் வந்தது. நறுமணம் குறைந்து, தெளிவாகவும் கூர்மையாகவும் இருக்கும் அந்தப் பானத்தை மிகவும் குளிராகக் குடித்தாலும் பெரிய இழப்பு இல்லை. ஆகவே சித்தப்பாவின் ஐஸ் கட்டிகளைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.

ஸ்டவுட்டை அப்படிக் குடிக்கக் கூடாது. நண்பனின் நாக்குக்கு அது கசாயமானதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். முளைக்கவிட்ட பார்லியைக் கோப்பிக் கொட்டைபோலக் கருக வறுத்துச் சேர்ப்பதாலேயே அதற்குக் கறுப்பு நிறமும் கசப்பும் வருகின்றன. உறைநிலைக்குச் சற்று மேலே வைத்து எடுத்தால், குளிரில் நாக்கு மரத்து, மணங்கள் அடங்கி, கசப்பு மட்டுமே மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, போத்தலின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகப் பூத்த நீர் வழிந்து மேசையில் வட்டமாகத் தேங்கும்வரை காத்திருந்து ஊற்றுங்கள். பழுப்பு நிற நுரை தடிப்பாக எழும். முதலில் கோப்பி மணமும், பிறகு பனங்கட்டிப் பாகின் மணமும், விழுங்கியபின் கறுப்புச் சொக்லேட்டின் கசப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உறைப்பான நண்டுக் கறிக்கு அந்த இனிப்பும் கசப்பும் பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்துவதை நான் கண்டதில்லை. லயன் ஸ்டவுட்டிலும் 8.8 வீதம் மதுசாரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 325 மில்லிலீற்றர் சின்னப் போத்தல் ஒன்று எனக்கு ஒரு மாலைக்குப் போதும்.

இது நம் நாட்டுப் பொருள் என்பதும் நான் அதன் பக்கம் நிற்பதற்கு ஒரு காரணம். 1881 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் லயன் நிறுவனத்தின் வேர் நுவரெலியாவின் குளிரில் இருக்கிறது. தொழிற்சாலை பின்னர் பியகமவுக்கு இறங்கியது. பியரைப் பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயரான மைக்கல் ஜாக்சன் (பாடகர் அல்லர், 2007 இல் காலமானவர்) இந்த ஸ்டவுட்டைத் தேடி இலங்கைக்கு வந்து, மனமாரப் புகழ்ந்து எழுதினார். அவர் கடல் கடந்து தேடி வந்ததை, பஸ் ஏறி வாங்கக்கூடிய தூரத்தில் இருக்கும் நாம் மருந்து என்று ஒதுக்குகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

மச்சாள் விரும்பும் கோதுமை பியரில் வாழைப்பழ மணமும் கராம்பு மணமும் இருக்கும் என்று அவர் சொன்னபோது, பழமும் கராம்பும் சேர்த்துக் காய்ச்சுகிறார்களா என்று சித்தப்பா கேட்டார். எதையும் சேர்ப்பதில்லை, ஜெர்மனியின் பவேரியாவில் பயன்படுத்தும் ஒருவகை மதுவமே அந்த மணங்களை உண்டாக்குகிறது. இப்படித் தமக்குப் பிடித்ததை வெளிப்படையாகச் சொல்லும் பெண்களை எங்கள் ஊரில் காண்பது அரிது. பெண்களுக்கு மதுபானம் விற்பதை 1979 இல் தடைசெய்த விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களுக்குள்ளேயே மீண்டும் கொண்டுவரப்பட்டது. பியரின் சுவையைப் பற்றி அன்று மேசையில் எல்லோரையும்விட நுணுக்கமாகப் பேசியவர் மச்சாள்தான் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை, கடையின் முன்பக்கக் கண்ணாடி அலுமாரியில் வெயில் படும்படி அடுக்கியிருந்த பச்சைப் போத்தல் ஒன்றை வாங்கி வந்தேன். திறந்ததும் நனைந்த நாயின் வாடைபோல ஒன்று எழுந்தது. பியருக்குக் கசப்பைத் தரும் ஹொப்ஸ் பூவிலுள்ள சேர்மங்கள் ஒளிபட்டுச் சிதைவதால் வரும் நாற்றம் அது. பழுப்புப் போத்தல் அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது, தகரப் பேணிக்குள் ஒளி புகவே புகாது. உள்ளே இருட்டில் இருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

அன்று நண்டு முடியும் தறுவாயில், குளிர் தணிந்துவிட்ட என் ஸ்டவுட்டில் இரண்டு விரற்கடை அளவு நண்பனின் கிளாஸில் ஊற்றினேன். முதல் மிடறை மருந்துபோல விழுங்கினான். இரண்டாவதை வாயில் சற்று வைத்திருந்து, "கோப்பி மணக்குது" என்றான். போன கிழமை தொலைபேசியில் பேசியபோது, மாரி தொடங்கி வேலை நிற்கும் நாட்களில் வருவதாகவும், தனக்கும் ஒரு சின்னக் கறுப்புப் போத்தல் எடுத்து வைக்கும்படியும் சொன்னான்.