ஒரு செமஸ்டர் வெளியூர்க் கல்லூரியில்: மதுரைப் பரிமாற்ற நாட்குறிப்பு

மார்ச் 10, 2025

ஒரு செமஸ்டரை மட்டும் வேறு கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர் பரிமாற்றத்துக்கு எந்த செமஸ்டரில் அனுப்பலாம் என்று துறைக்குத் துறை கேட்கிறார்கள். இளநிலை என்றால் ஐந்தாவதுதான். முதல் நான்கு செமஸ்டரில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் உண்டு. வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் பகுதி 1 தமிழுக்கு ஈடாக எதைக் காட்டுவது? ஆறாவதில் போனால் அங்கிருந்து மதிப்பெண் வந்து சேர்வதற்குள் முதுநிலைச் சேர்க்கை முடிந்துவிடும். அரியர் இருப்பவர்கள் ஏப்ரல் தேர்விலேயே முடித்துக்கொள்ளட்டும். நவம்பரில் இங்கே அரியர் தேர்வும் அங்கே செமஸ்டர் தேர்வும் ஒரே வாரத்தில் மோதும்.

மார்ச் 24

ஈக்விவலன்ஸ் ஷீட் எழுதும் வாரம். அங்கே படிக்கும் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் பட்டியல் அது. இந்த ஒரு தாள் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் ஓடிவிடும்.

இடப்பக்கம் நம் பாடக் குறியீடு, பெயர், கிரெடிட் (பாடத்தின் எடைப் புள்ளி), மணி, வலப்பக்கம் அங்குள்ளவை. பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பொருத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய கோளாறு. நம் பாடத்திட்டம் ஐந்து யூனிட்டாக இருக்கும். யூனிட் யூனிட்டாக வைத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். பி.காமில் வருமான வரியை ஐந்திலும் ஆறிலும் பிரித்து வைத்திருக்கிறோம். அங்கே அது ஒரே தாளாக இருந்தால், திரும்பி வந்தவர் ஆறாவதில் பாதியைத் திரும்பப் படிப்பார். பரவாயில்லை. தலைகீழாக நடந்தால்தான் சிக்கல்: அங்கே நடத்தாத யூனிட்டின் மேல் இங்கே அடுத்த தாளைக் கட்டியிருப்பார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கிலும் இதே கதை.

கிரெடிட் கணக்கு எளிது. வகுப்புப் பாடத்துக்கு 15 மணி ஒரு கிரெடிட், ஆய்வகத்துக்கு 30 மணி. நம் 4 கிரெடிட் தாளுக்கு அங்கே 3 கிரெடிட் தாள்தான் கிடைத்தால், மீதி ஒன்றை எதில் ஈடுகட்டுவது என்று அந்த வரியிலேயே எழுத வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட கிரெடிட்டைப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

விருப்பப் பாடங்களுக்கு இரண்டு மாற்றுத் தாள்களையும் சேர்த்துவிடுங்கள். ஆள் சேராத எலெக்டிவை அங்கே முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஏப்ரல் 8

ஷீட்டில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டாயிற்று, முதல்வர் போட்டாயிற்று. இத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்) கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது. மதிப்பெண்ணை ஏற்றப்போவது அந்த அலுவலகம். அங்குள்ள மென்பொருளில் வெளிப்பாடத்துக்குக் குறியீடு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறாவது செமஸ்டர் மார்க்ஷீட்டில் ஐந்தாவதன் இடம் காலியாக நிற்கும்.

டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கவே கூடாது. பெயர் நம் வருகைப்பதிவிலேயே இருக்க வேண்டும். வாங்கிவிட்டால் அது பரிமாற்றமில்லை, கல்லூரி மாறியதாகிவிடும். கல்வி உதவித்தொகையும் அத்தோடு சிக்கும். 'இக்கல்லூரி மாணவராகத் தொடர்கிறார்' என்ற வாசகத்தோடு போனஃபைட் போதும்.

மே 5

டிஜிலாக்கரில் ஏ.பி.சி. கணக்கு, அதாவது கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு, தொடங்கும்போது நம் பிள்ளைகளை மறிப்பது இனிஷியல். ஆதாரில் 'கயல்விழி முருகன்', மார்க்ஷீட்டில் 'கயல்விழி மு', கல்லூரிப் பதிவில் 'மு. கயல்விழி'. மூன்றும் மனிதர்களுக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். ஆதாரை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். பெயர் மாற்ற ஆயுளுக்கு இரண்டு வாய்ப்புதான். பிளஸ் டூ மார்க்ஷீட்டில் எப்படியோ அப்படியே மற்றவற்றைக் கொண்டுவருவது நல்லது. கடைசிப் பெயர் கேட்கும் படிவத்தில் ஒருவர் அப்பா பெயரையும் இன்னொருவர் வெறும் எழுத்தையும் போடுகிறார்கள். எதைப் போட்டாலும் எல்லாப் படிவத்திலும் அதையே போடுங்கள்.

கிரெடிட்டை மாணவர் தாமாக ஏற்ற முடியாது, கல்லூரிதான் ஏற்றும். ஏற்றியது அதிகபட்சம் ஏழு ஆண்டு செல்லும்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்குகிறார். அலுவலகம் இல்லை.

ஜூன் 16

இங்கே வருகிறவர்களுக்கு. கோவை, தேனிப் பக்கத்துப் பேருந்துகள் ஆரப்பாளையத்தில் நிற்கும். சென்னை, நெல்லைப் பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. ரயில் நிலையத்திலிருந்து பெரியார் நிலையம் நடை தூரம். காமராசர் பல்கலைக்கழகம் தேனி சாலையில், நாகமலை புதுக்கோட்டையையும் தாண்டி. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக்கும் வைகைக்கு வடகரை, தியாகராசர் கல்லூரி தென்கரையில் தெப்பக்குளம் பக்கம். அறை எடுப்பதானால் கல்லூரி இருக்கும் கரையிலேயே எடுங்கள். கோரிப்பாளையத்தில் இந்த ஆண்டு மேம்பால வேலை வேறு நடக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பாலம் கடப்பதைக் கணக்கில் வைத்தால் வாடகை மலிவு என்பதெல்லாம் மலிவே இல்லை.

விடுதியில் டிவைடிங் சிஸ்டம் என்றால் மாதக் கட்டணம் முன்கூட்டித் தெரியாது. மாதச் செலவை எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, செலவு 3,60,000 ரூபாய், மொத்த நாட்கள் 3,000 என்றால் நாளுக்கு 120. 25 நாள் இருந்தவருக்கு 3,000 ரூபாய். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்து சொன்னால் கழியாது.

ஜூலை 14

வருகைப்பதிவு. 90 வேலை நாளில் 75 விழுக்காடு என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் 22 நாள்தான் மிச்சம். பத்து நாள் தாமதமாகச் சேர்ந்தவருக்குப் பன்னிரண்டு. சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிடும்படி முதல் நாளே கடிதம் வாங்கிவிடுங்கள், நவம்பரில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பாடம் மாறினால் ஷீட்டும் மாற வேண்டும். திருத்தியதை இரண்டு சி.ஓ.இ. அலுவலகங்களுக்கும் அன்றைக்கே அனுப்புங்கள்.

ஆகஸ்ட் 18

தீபாவளி அக்டோபர் 20. ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது; அக்டோபர் 18 சனிக்கிழமை கிளம்புகிறவர்கள் நாளைக் காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள்.

அக்டோபர் 27

இரண்டு கல்லூரிகளும் போட்ட பரிமாற்ற ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்: அங்கே ஒரு தாளில் தோற்றால் மறுதேர்வு யார் வைப்பது? அதில் எதுவும் எழுதப்படவில்லை என்றால், ஏப்ரலில் நம் இறுதித் தேர்வுக்கு நடுவே அங்கே போய் எழுத வேண்டிவரும். இப்போதே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள்.

டிசம்பர் 8

கிரேடு மட்டும் போட்ட தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள். உள்மதிப்பீடு, செமஸ்டர்த் தேர்வு என்று தனித்தனி மதிப்பெண் வேண்டும். அங்கே 40:60, இங்கே 25:75 என்றால் மாற்றிக் கணக்கிட எண் இல்லாமல் முடியாது. வெறும் 'ஏ பிளஸ்' வந்தால், அந்த கிரேடின் கீழ் எல்லையை வைத்துப் போட்டுவிடவும் வாய்ப்புண்டு. 88 எடுத்தவரும் 80 எடுத்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். தாள் சி.ஓ.இ.யிலிருந்து சி.ஓ.இ.க்கு முத்திரையிட்ட உறையில் வரட்டும். மாணவர் கையில் ஒரு நகல், கிரேடு எத்தனை முதல் எத்தனை வரை என்ற அட்டவணை பின்பக்கம் அச்சானதோடு.