வந்திருக்காதுங்க அக்கா

"வரலைங்க அக்கா" என்று நான் சொல்லவில்லை. "வந்திருக்காதுங்க அக்கா" என்றுதான் சொன்னேன். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டே இரண்டு வருடம் ஓடிவிட்டது. 'வரலை' என்பது பார்த்தவன் சொல்கிற சொல். 'வந்திருக்காது' வெறும் ஊகம். தமிழ் தெரிந்த யாருக்கும் இந்த வித்தியாசம் புரியும், அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். இப்படித்தான் என் கட்சியை எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன்.

2023 ஜூலை, சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. சம்பள நாள். திருப்பூர் கம்பெனிகளில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சம்பள ஷீட் அடிக்கிற பிரிண்டர் பேப்பரை மென்றுகொண்டிருந்தது. கம்பெனியின் சிஸ்டம் அட்மின் நான், பின்மூடியைக் கழற்றி ரோலருக்குள் விரலை விட்டிருந்தேன். கேஷியர் என் தலைக்கு மேல் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் இன்டர்காம் அடித்தது. வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அக்கா.

"தம்பி, டென்மார்க் பையர்கிட்டருந்து நேவி லேப் டிப் அப்ரூவல் வரோணும். வியாழக்கிழமையே அனுப்பறேன்னாங்க. ஸ்பாம்ல ஏதாச்சும் மாட்டியிருக்குதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." லேப் டிப் என்றால், மொத்தமாகச் சாயம் போடும் முன் பையர் கலரைப் பார்த்து ஓகே சொல்வதற்கான சாம்பிள் துணித்துண்டு.

"வந்திருக்காதுங்க அக்கா. வந்திருந்தா உங்களுக்கே தெரியுமே."

இதில் இரண்டாவது வாக்கியத்தை நான் பெரும்பாலும் நினைவுக்குக் கொண்டுவருவதில்லை. முதல் வாக்கியம் ஊகம் என்று வாதாடலாம். இரண்டாவதற்கு வக்கீல் கிடைக்கமாட்டார். ஏனென்றால் ஸ்பாம் என்று பிடித்ததைத் தனியாக அடைத்து வைக்கிற குவாரன்டைனுக்கு மெயில் போனால் அது அவருக்குத் தெரிய வழியே கிடையாது. அப்படி அமைத்து வைத்திருந்தவன் நான்தான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். அதற்கு ஒரு மாதம் முன்பு பக்கத்து யூனிட்டில் பெரிய தொகை ஒன்று போனது. நூல் சப்ளையரிடமிருந்து வந்ததுபோல ஒரு மெயில்: பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இதில் போடவும். முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டர் திரையில் அதை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? பணம் போனது தெரிந்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்தபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த நம்பரில் உடனே புகார் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் பிடித்துவைக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு. விஷயம் தெரிந்த மறுநாள் எங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "நம்ம ஸ்பாமை டைட் பண்ணுங்க" என்றார்.

டைட் பண்ணினேன். நாங்கள் வைத்திருப்பது ஸ்பாம்அசாசின். பரீட்சை பேப்பர் திருத்துவதுபோல ஒவ்வொரு மெயிலுக்கும் அது மார்க் போடும், ஆனால் இங்கே மார்க் கூடினால் ஃபெயில். சாதாரணமாக 5 மார்க் வாங்கினால்தான் ஸ்பாம். நான் அதை 3.5-க்கு இறக்கினேன். லாட்டரியும் மாத்திரை விளம்பரமும் ஒரே நாளில் நின்றுபோயின. எம்.டி. சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

இதில் எனக்கு அப்போதே தெரிந்த ஒன்று உண்டு. பக்கத்து யூனிட்டை ஏமாற்றிய மாதிரியான மெயில் இந்த வலையில் விழவே விழாது. ஸ்பாம் என்பது லட்சம் பேருக்கு ஒரே நோட்டீஸ் அடிக்கிற வேலை. அதற்கென்று ஒரு நாற்றம் உண்டு, ஃபில்டர் மோப்பம் பிடிப்பது அதைத்தான். அக்கவுன்ட் மாற்றச் சொன்னவன் ஒரே ஒரு மெயில் அனுப்பினான். புது டொமைன் வாங்கி, அதன் பேரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்கிற எஸ்பிஎஃப் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, நம் சப்ளையர் எழுதுகிற அதே நடையில் எழுதினான். அது ஒரு மார்க்கூட வாங்காது. அதைத் தடுக்க ஒரே வழி, பணம் போடுவதற்கு முன் நமக்கு ஏற்கனவே தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்பதுதான். இதை எம்.டி.யிடம் சொல்லியிருக்கலாம். "போன் பண்ணிக் கேளுங்க" என்று சொல்வதற்கு ஒரு சிஸ்டம் அட்மின் எதற்கு என்று அவர் நினைப்பாரோ என்று நான் நினைத்தேன். செட்டிங்கை மாற்றினேன். வேலை செய்ததுபோல இருந்தது.

சரி, அந்த அப்ரூவல் மெயில். பையர் லீவில் போகும் முன் அசிஸ்டென்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார். டென்மார்க்கில் ஜூலையில் பாதி ஆபீஸ் காலி. அந்த அசிஸ்டென்ட் சப்ஜெக்டில் 'அர்ஜென்ட்' என்று தொடங்கி முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்திருந்தார். உள்ளே எழுத்து என்று எதுவும் இல்லை, ஸ்கேன் பண்ணின படம் ஒன்று மட்டும். வேறு ஏதோ சர்வர் வழியாக அனுப்பியதால் எஸ்பிஎஃப் சரியாக ஒத்துவரவில்லை. மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டுகிற டிகேஐஎம் கையெழுத்தும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அரை மார்க், முக்கால் மார்க் குற்றங்கள்தான். கூட்டினால் 4.2. 5 இருந்திருந்தால் நேராக அக்காவின் இன்பாக்ஸில் போய் உட்கார்ந்திருக்கும்.

அக்கா திங்கட்கிழமை ரிமைண்டர் போட்டார். புதன்கிழமை மறுபடியும். அங்கே லீவு. ஒன்பது நாள் கழித்து யாரோ ஒருவர், "நாங்கள்தான் அன்றைக்கே அனுப்பிவிட்டோமே" என்று பழைய மெயிலையே ஃபார்வர்ட் செய்தார். அதற்குள் டையிங்கில் எங்கள் முறை கைவிட்டுப் போயிருந்தது. கலர் ஓகே ஆகாமல் பல்க் சாயத்துக்குத் துணியை யாரும் இறக்கமாட்டார்கள். கடைசியில் பாதிச் சரக்கு கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் போனது. அந்தச் செலவு எங்கள் தலையில்.

ஃபார்வர்ட் வந்த அன்றே மெயில் சர்வரின் லாகைத் திறந்து பார்த்தேன். வியாழன் இரவு 8:47. குவாரன்டைன். சனிக்கிழமை அக்கா கேட்டபோது அது உள்ளே இருந்து ஒன்றரை நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தேடிப்பார்க்க அரை நிமிஷம் போதும்.

மறுநாள் மீட்டிங். "ஃபாலோ-அப் பண்ணலையா?" என்று எம்.டி. அக்காவைக் கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமலேயே, "ஸ்பாம்லயும் கேட்டேனுங்க சார், வரலைன்னாங்க" என்றார். வரலைன்னாங்க. நான் அப்படிச் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல் உடனே எழுந்தது, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எம்.டி. என் பக்கம் திரும்பினார்.

"நம்ம சர்வர்ல எந்தப் பிரச்சனையும் இல்லைங்க சார்" என்றேன்.

அதுவும் பொய்யில்லை. சர்வர் சொன்னதைச் செய்தது.

எனக்காகப் பேச இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது நடந்து ஏழு மாதத்தில், 2024 பிப்ரவரியில், ஜிமெயிலும் யாகூவும் விதியை இறுக்கின. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது சரியாக இல்லாமல் யாரும் அனுப்பக்கூடாது என்றன. அந்த டென்மார்க் மெயில் அங்கே போயிருந்தாலும் வரவேற்பு கிடைத்திருக்காது. செய்தியைப் படித்த அன்று 'பார்த்தாயா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அக்கா கேட்டது விதி சரியா தப்பா என்று இல்லையே. பாத்துச் சொல்லுங்க என்றுதான் கேட்டார்.

மீட்டிங் நடந்த அன்று ராத்திரியே ஸ்பாம் அளவை மறுபடி 5-க்கு ஏற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. லாட்டரி திரும்பி வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சா?" என்று எம்.டி. கேட்டதற்கு, "பாக்கறேனுங்க சார்" என்றேன். அப்புறம், யாருடைய மெயில் எல்லாம் தடுக்கப்பட்டது என்று தினமும் காலை ஒன்பது மணிக்கு அவரவருக்கே ஒரு பட்டியல் போகிற மாதிரி செய்தேன். அக்கவுன்ட்ஸில் அதையே ஸ்பாம் என்று நினைத்து அழிக்கிறார்கள். ஒழுங்காகப் படிப்பது அக்கா ஒருவர்தான். முதல் வாரமே கேட்டார்: "இது நல்லா இருக்குதுங்க தம்பி. முன்னாடியே இருந்துச்சுங்களா?"

"இல்லைங்க அக்கா, இப்பத்தான் போட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தெரிந்திருக்குமோ என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். டீ வந்தபோது வழக்கம்போல எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வைத்தார், அதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

குவாரன்டைனில் இருப்பதெல்லாம் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். அந்த மெயிலும் அழிந்திருக்க வேண்டியது. அதற்கு முதல் நாள் அதை மட்டும் இறக்கி என் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. படத்தில் ஏ, பி, சி என்று மூன்று நீலத் துணித்துண்டுகள், பக்கத்தில் பக்கத்தில். என் கண்ணுக்கு மூன்றும் ஒரே நேவிதான். நடுவில் இருப்பதற்குக் கீழே பேனாவால் ஒரு டிக், அதன் பக்கத்தில் கையால் எழுதிய 'ஓகே', அன்றைய தேதி.