கல்லீரல் கட்டிக்குள் செல்லும் மருந்து மணிகள்

அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத கல்லீரல் புற்றுநோய்க்கு, கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியை அடைத்து, அதே வழியில் மருந்தையும் செலுத்துவது பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள சிகிச்சை. நலமான கல்லீரல் தனக்கு வேண்டிய இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே பெறுகிறது; புற்றுக்கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியையே நம்பியிருக்கிறது. ஆகவே தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பெருமளவு தப்பிவிடும்.

பழைய முறையில் டாக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை லிப்பியோடால் என்னும் எண்ணெயுடன் கலந்து செலுத்துவார்கள். அந்தக் கலவை நெடுநேரம் நிலைத்திராது. மருந்தின் ஒரு பகுதி விரைவில் பிரிந்து உடலெங்கும் ஓடும் இரத்தத்தில் சேர்ந்துவிடும். இதயத் தசையைக் கெடுக்கக்கூடிய மருந்துக்கு இது சிறிய குறையன்று. இதற்கு மாற்றாக வந்தவையே பாலிவினைல் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்ட, சில நூறு மைக்ரான் விட்டமுள்ள பாலிமர் மணிகள். இவற்றில் எதிர்மின்னூட்டம் கொண்ட சல்போனேட் தொகுதிகள் பிணைக்கப்பட்டுள்ளன. டாக்ஸோரூபிசின் நேர்மின்னூட்டம் உடையது. சிவப்பு நிற மருந்துக் கரைசலில் மணிகளை ஊறவைத்தால், மணிகள் சிவக்கச் சிவக்கக் கரைசல் வெளிறிப்போவதைக் கண்ணாலேயே காணலாம். உடலுக்குள் சென்றதும், இரத்தத்திலுள்ள சோடியம் போன்ற அயனிகள் மருந்தின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, மருந்து சிறிது சிறிதாக வெளியேறுகிறது. மணி கரைவதில்லை, தமனியை அடைத்தபடி அங்கேயே தங்கிவிடும்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு கட்டியைக் கூடுதலாக அழிக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஐரோப்பாவில் 212 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான பிரிசிஷன் வி ஆய்வில், மணிகளுக்குக் கட்டி பதிலளித்தவர்களின் (அதாவது கட்டியின் உயிருள்ள பகுதி குறைந்தோ மறைந்தோ போனவர்களின்) விகிதம் ஏறத்தாழ 52 சதவீதம், பழைய முறைக்கு 44 சதவீதம். மணிகளே மேல் என்று புள்ளியியல் அடிப்படையில் நிறுவ இந்த வேறுபாடு போதவில்லை. ஆனால் கல்லீரல் பாதிப்பும், முடி உதிர்தல் போன்ற மருந்தின் பக்கவிளைவுகளும் மணிகளைப் பெற்றவர்களிடம் குறைவாக இருந்தன. 2014இல் வெளியான இத்தாலிய ஆய்விலும் உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு தென்படவில்லை; சிகிச்சைக்குப் பிந்தைய வலி மட்டும் குறைந்திருந்தது.

கட்டியைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு தமனி அடைப்புக்கே உரியது என்றே இம்முடிவுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. மெதுவாக வெளியேறும் மருந்தின் ஆதாயம் கட்டிக்கு வெளியே, உடலின் மற்ற பகுதிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. கல்லீரல் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு அது பெரிய ஆதாயம். கல்லீரலும் இதயமும் திடமாக உள்ளவருக்கோ, விலை குறைந்த எண்ணெய் முறையை இன்னும் ஒதுக்கிவிடக் காரணமில்லை.