வெயிட்குரூப் கேள்வி வந்தா கவுன்ட்டர எழுதிப் பாருங்க

கோ (Go) ப்ரோக்ராமிங் லாங்குவேஜ்ல இன்டர்வியூவுக்கோ டெஸ்டுக்கோ படிக்கிறவங்க, கோரூட்டீன்கள் (ஒரே நேரத்துல தனித்தனியா ஓடுற வேலைகள்) ஒண்ணுக்கொண்ணு டேட்டா அனுப்பிக்கிற சேனல்தான் கஷ்டம்னு அதுலயே உக்காந்துடுறாங்க, அந்த வேலைங்க முடியிற வரைக்கும் காத்திருக்க வைக்கிற வெயிட்குரூப்ப மேலோட்டமா பாத்துட்டு விட்டுடுறாங்க. எனக்கு சுத்தி சுத்தி வந்தது இந்தக் கேள்விதான், அதுவும் கோட குடுத்து அவுட்புட் என்னனு கேப்பாங்க.

மெயின் ஃபங்ஷன் முடிஞ்சா ப்ரோக்ராமே முடிஞ்சுது, மத்த கோரூட்டீன் பாதி வேலைல இருந்தாலும் அம்போதான். அதுக்கு குடுத்த கோட்ல ஸ்லீப் (இவ்ளோ நேரம் சும்மா நில்லுன்றது) போட்டு சமாளிச்சிருந்தா அது தப்புன்னு தைரியமா சொல்லுங்க, வேலை எப்போ முடியும்னு ஸ்லீப்புக்கு எப்படித் தெரியும்?

வெயிட்குரூப்ன்றது அடிப்படைல ஒரு கவுன்ட்டர். ஆட் கூட்டும், டன் ஒண்ணு கழிக்கும், வெயிட் 0 ஆகுற வரைக்கும் நிக்கும். நான் படிச்சது ரஃப் பேப்பர்ல கவுன்ட்டர் மதிப்ப வரிக்கு வரி எழுதித்தான். உதாரணத்துக்கு 3 கோரூட்டீன் கெளப்புற லூப், ஆட்(1) கோரூட்டீனுக்கு உள்ள இருக்குனு வைங்க. லூப் முடிஞ்சு மெயின் வெயிட்டுக்கு வரும்போது மூணுல ஒண்ணு கூட ஓட ஆரம்பிக்காம இருக்கலாம், கவுன்ட்டர் இன்னும் 0, அதனால வெயிட் நிக்காமலே போயிடும், ஒண்ணுமே ப்ரின்ட் ஆகாது, ஆனா அடுத்த தடவ ஓட்டினா மூணும் வரலாம். அதனால "உறுதியா சொல்ல முடியாது"ன்றதுதான் சரியான பதில். ஆட் எப்பவும் கோரூட்டீன கெளப்புறதுக்கு முன்னாடி வரணும்.

டன் ஒண்ணு கூடிட்டா கவுன்ட்டர் மைனஸ்ல போய் பேனிக் (ப்ரோக்ராம் எரரோட நின்னுடும்), கொறஞ்சா வெயிட் முடியவே முடியாது. வெயிட்குரூப்ப ஃபங்ஷனுக்கு பாயின்டரா (அசலோட முகவரியா) அனுப்பாம அப்படியே அனுப்பினாலும் வெயிட் முடியாத கதைதான், டன் காப்பிலதான் கழியும். டன்ன டிஃபரோட (ஃபங்ஷன் முடியும்போது ஓடுன்னு சொல்றது) மொத வரிலயே போட்டுடுங்க.

சேனலும் சேந்து வந்தா நிதானமா படிங்க. பஃபர் இல்லாத (எதையும் சேத்து வைக்க எடமில்லாத) சேனல்ல கோரூட்டீன் அனுப்புது, மெயின் வெயிட் முடிச்சுட்டுத்தான் வாங்கப்போகுதுன்னா, வாங்க ஆளில்லாம அதுங்க நிக்கும், டன் வராது, மெயினும் நிக்கும், ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு எல்லாமே முடங்கிடும், அதான் டெட்லாக். வெயிட்டையும் சேனல் க்ளோஸையும் தனி கோரூட்டீன்ல போட்டுட்டு மெயின வாங்க விடணும், இத கைல எழுதிப் பழகுங்க.

பழைய நோட்ஸ் வச்சிருந்தா வெர்ஷன் பாத்துக்கோங்க, 2025ல வந்த 1.25ல வெயிட்குரூப்புக்கே கோனு ஒரு மெத்தட் இருக்கு, ஆட், டன் ரெண்டையும் அதுவே பாத்துக்கும்.