அறுபது வயசும் ஒன்பது விழுக்காடும்

ஜனவரி மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள் மனைவி. "ஏறியிருக்குங்க, பாருங்க."

ஏறித்தான் இருந்தது. சிங்கப்பூரில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து போடும் சேமநிதிதான் சிபிஎஃப். அறுபதைத் தாண்டி அறுபத்தைந்துக்குள் இருப்பவர்களுக்கு அது சம்பளத்தில் மொத்தம் 25 விழுக்காடு, இந்த 2026 முதல். போன வருடம் 23.5. நல்லதுதானே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "அறுபது முடியுறதுக்கு முன்னாடி 31 போட்டாங்க. இன்னும் அந்த இடத்துக்கே வந்து சேரல."

அவளுக்கு 2024 ஆகஸ்ட்டில் அறுபது முடிந்தது. செப்டம்பரில் 31 இருந்த இடத்தில் 22. வருடா வருடம் இரண்டு, ஒன்றரை என்று ஏற்றியதை ஒரு பிறந்தநாள் ஒன்பதாக இறக்கிவிட்டது. கேக் வேறு வெட்டினோம்.

வயதானவர்களுக்குத் தனி விகிதம் என்பது 1988-இல் வந்த வழக்கம். செலவு குறைந்தால் முதலாளிமார் அவர்களை வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்று கணக்கு. அதை மெல்ல உயர்த்தலாம் என்று 2019-இல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்புப் பணிக்குழு சொன்னது. 2021-இல் தொடங்க வேண்டியது, கொவிட் வந்து ஒரு வருடம் தள்ளிப்போனது. 2022-இல் ஆரம்பித்தபோது எனக்கு 64. அடுத்த வருடமே அந்த வயதுப் பிரிவை விட்டு வெளியே வந்துவிட்டேன். பந்தியில் பாயசம் வரும்போது இலையை மடித்த கதை.

ஆனால் எனக்கு மறக்காதது 1986.

அப்போது வடக்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலை. சம்பளம் 800 வெள்ளி. என் பங்கு 25 விழுக்காடு, கம்பெனி பங்கு 25. ஆக மாதம் 400 வெள்ளி சிபிஎஃப்புக்குப் போகும். ஈசூனில் நாலறை வீடு, மாதத் தவணை 290. அதில் மருத்துவச் சேமிப்பான மெடிசேவுக்கு எடுத்தது போகவும் தவணை தானாகக் கட்டுப்பட்டுவிடும். அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

1985-இல் பொருளாதாரம் சுருங்கியது. விடுதலைக்குப் பிறகு அதுதான் முதல் மந்தநிலை. சம்பளச் செலவு ஏறிப்போய்விட்டது, முதலாளிகளால் தாங்க முடியவில்லை என்றார்கள். லீ சியன் லூங் தலைமையிலான பொருளியல் குழு பரிந்துரை செய்தது. ஏப்ரல் 1986-இல் முதலாளி பங்கு 25-லிருந்து ஒரேயடியாக 10 ஆனது. தொழிலாளி பங்கு அப்படியே 25. சம்பள உயர்வும் நிறுத்தம்.

இதில் இருந்த சாமர்த்தியத்தை இன்றும் நான் மெச்சுகிறேன். கைக்கு வரும் சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. சீட்டைப் பார்த்தால் போன மாதம் எவ்வளவோ அவ்வளவுதான். அதனால் பட்டறையில் பெரிய சத்தம் எழவில்லை. தொழிற்சங்கத்துக்காரர் வந்து, "ஆள் குறைப்பைவிட இது மேல்" என்றார். அதுவும் பொய் இல்லை. பக்கத்துப் பட்டறையில் ஆள்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கே வலித்தது என்றால் வீட்டுத் தவணையில். 400 இப்போது 280. மெடிசேவுக்கு 48 போனால் மிச்சம் 232. தவணைக்கு 58 வெள்ளி துண்டு விழுந்தது, அதை ரொக்கமாகக் கட்ட வேண்டும். மனைவிக்கு அப்போது வேலை இல்லை, மடியில் குழந்தை. சனிக்கிழமை ஓவர்டைம் கிடைத்தால் தவணை, கிடைக்காவிட்டால் அப்பா.

அப்பா அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பென்சன். 1986 வந்தது, போனது, அவர் பென்சனில் கைவைக்கவில்லை. "உனக்கு முதலாளி குடுக்கிறான், எனக்கு கவர்மெண்ட் குடுக்குது" என்பார் கொஞ்சம் பெருமையாக. ஆனால் அந்த 1986-இல்தான் புதிதாகச் சேரும் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்குப் பென்சன் கதவு மூடப்பட்டது. அவர்களும் என்னோடு சிபிஎஃப் வரிசையில் வந்து நின்றார்கள்.

ஜூலை 1988-இல் முதலாளி பங்கு 12 ஆனது. சந்தோஷமாக அப்பாவிடம் போய், "திரும்பக் குடுக்குறாங்கப்பா" என்றேன். அவர் நாட்காட்டித் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு எழுதினார். மாதம் 120 வெள்ளி. ஏப்ரல் 86-லிருந்து ஜூன் 88 வரை 27 மாதம். 3,240. "இதை யாருடா குடுக்குறது?" என்று கேட்டார்.

யாரும் இல்லை. வெட்டியதை மீட்கிறோம் என்றால் மீட்பது விகிதத்தை. இடையில் விழாத பணம் விழாததுதான். அதற்கு வட்டியும் இல்லை.

விகிதமும் முழுசாகத் திரும்பவில்லை. 89-இல் 15, அப்புறம் பதினாறரை, பதினேழரை என்று ஊர்ந்து 1994-இல் 20. அதற்குள் எங்கள் பங்கை 25-லிருந்து 20-க்கு இறக்கிச் சமன் செய்திருந்தார்கள். போனபோது மொத்தம் 50, வந்தபோது 40. எங்கள் பங்கு குறைந்த அளவுக்குக் கைச்சம்பளம் கூடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு 1999-இல் மறுபடி முதலாளி பங்கு 20 என்பது 10. 2001-இல் 16 வரை ஏறி, சார்ஸ் வருடமான 2003-இல் 13. இரண்டாம் முறை எனக்கு அதிர்ச்சி இல்லை. அதற்குள் தவணைக்குத் தனியாக ஒரு சேமிப்பு வைத்திருந்தேன், 86 கற்றுக்கொடுத்த புத்தி. முதலாளி பங்கு 17-ஐத் தொட 2015 ஆயிற்று. அப்போது எனக்கு 57. எனக்கான விகிதமே வேறு.

சீட்டை மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "அறுபத்தஞ்சு தாண்டுனா எவ்வளவு?"

பதினாறரை என்றேன். அவளுக்கு இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது.