மேலே ஒன்று, கீழே ஒன்று: முடிச்சும் தோல் பின்னலும் பழகும் நாட்கள்

2024 ஜூன் 9, ஞாயிறு

வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் அப்பாவின் கை தடியிலிருந்து வழுக்கிவிட்டது. பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இருந்ததால் விழவில்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும். கண் அழுத்த நோய் வந்ததிலிருந்து அவருக்கு எதிரே இருக்கும் முகம் தெரிகிறது, காலடியில் இருக்கும் படி தெரிவதில்லை. படியைத் தடியால் தொட்டுத்தான் இறங்குகிறார்.

பிரம்புத் தடி, மேலே உருண்டைக் குமிழ், மழமழவென்று வார்னிஷ். வேர்வைக் கையில் நிற்காது. கடையில் கிடைக்கும் ரப்பர் உறையை இரண்டு முறை மாட்டிப் பார்த்தோம். இரண்டும் சென்னை வெயிலில் பிசுபிசுத்து, உள்ளங்கையெல்லாம் கறுப்பாக ஒட்டியது.

மேல்வீட்டு மாமா தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பல்களில் செராங்காக, அதாவது மாலுமிகளுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயம் கேள்விப்பட்டு, இன்று ஒரு கயிற்றுத் துண்டோடு இறங்கி வந்தார். கப்பல் மணியின் நாக்கில் கட்டித் தொங்கவிடும் கயிறு, அவரே முடைந்தது. ஒரு முழத்துக்குள் எத்தனை வகைப் பின்னல்! நடுவில் தலைப்பாகை சுற்றியது போல ஒரு முடிச்சு இருந்தது. அதன் பெயர் டர்க்ஸ் ஹெட், துருக்கியர் தலை.

"அந்தக் காலத்துச் சுக்கான் சக்கரத்துல ஒரே ஒரு ஆரக்கால்ல மட்டும் இதைப் போட்டிருப்பாங்க. அந்த ஆரக்கால் நேர் மேல நின்னா சுக்கான் நடுவுல நிக்குதுன்னு அர்த்தம். இருட்டுல பார்க்கவே வேண்டாம், தடவினாப் போதும்" என்றார். அப்புறம் அப்பாவின் தடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுலயும் கைக்கு ஒரு கண்ணு வச்சுக் குடுப்போம்மா" என்றார்.

கட்டித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. கற்றுத் தருகிறேன் என்றார். நாளைக்கே கயிறு வாங்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

மூன்று மில்லிமீட்டர் பருத்திக் கயிறு, பத்து மீட்டர். நைலான் வேண்டாம் என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். அது வழுக்கும், பழகும் கைக்குள் நிற்காது. பருத்தி போட்ட இடத்தில் கிடக்கும்.

இடது கையின் மூன்று விரல்களைச் சுற்றிக் கயிற்றைப் பெருக்கல் குறி போல ஒரு முறை போட வேண்டும். கையைத் திருப்பினால் இரண்டு கயிறு பக்கம் பக்கமாக ஓடும். இடது பக்கத்தை வலது பக்கத்தின் மேல் தாண்டவிட்டு, நடுவில் பிறக்கும் ஓட்டைக்குள் முனையை நுழைக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்வளவுதான் விதி. நான் ஏழு முறை போட்டேன், ஏழு முறையும் விரலை எடுத்ததும் அவிழ்ந்து நூலாகக் கிடந்தது.

ராத்திரி பெண்ணுக்குத் தலை பின்னும்போதுதான் பிடிபட்டது. இது சாதாரண மூன்று கால் பின்னல். அடியையும் நுனியையும் சேர்த்து வளையமாக்கினால் டர்க்ஸ் ஹெட். முப்பது வருடமாகக் கை செய்துவரும் வேலையை விரலைச் சுற்றிச் செய்யச் சொன்னதும் மனசு அடையாளம் காணவில்லை. பின்னல் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். முதல் தடவையே நின்றது.

ஜூன் 16, ஞாயிறு

இன்று முழுக்கக் கணக்கு.

முடிச்சின் ஓரத்தில் கயிறு வளைந்து திரும்பும் இடத்தை நான் இதழ் என்று வைத்துக்கொண்டேன். மூன்று கால், ஐந்து இதழ் வந்துவிட்டது. தடி கொஞ்சம் தடிமனாயிற்றே, ஆறு இதழாகப் போடலாம் என்று ஆரம்பித்தேன். பாதி முடிச்சு காலியாக இருக்கும்போதே முனை, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று பிரித்து மறுபடி போட்டாலும் அதே கதை.

மாமா சிரித்துக்கொண்டே, "மூணுக்கும் ஆறுக்கும் ஆகாதும்மா" என்றார். கால் எண்ணிக்கைக்கும் இதழ் எண்ணிக்கைக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இருக்கக் கூடாது. 3-க்கு 4 வரும், 5 வரும், 7 வரும். 6 போட்டால் மூன்று தனித்தனி வளையங்களாகத்தான் பின்னும், ஒரே கயிற்றில் முடியாது. 4 காலுக்கு 5 வரும், 6 வராது.

இதைக் கேட்டதும் எனக்குச் சிக்குக் கோலம் நினைவு வந்தது. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, கம்பியை ஓரத்தில் மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டே போனால், 3-க்கு 5 புள்ளியில் ஒரே கம்பியாக முடியும். 3-க்கு 6 வைத்தால் மூன்று கம்பி ஆகிவிடும். அதுவும் இதே பொது வகுத்திக் கணக்குதான். அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னேன். எண்ணிப் பார்த்துவிட்டு அம்மா, "ஆமா, ஆறுன்னா ஒரே கம்பியில வராது, எங்க அம்மா சொல்லுவா" என்றாள். இந்தச் சின்ன விஷயத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எழுதி மாளாது. கடலில் ஒருவர் கயிற்றில் கண்டதும், வாசலில் பாட்டி மாவில் கண்டதும் ஒரே கணக்கு.

ஜூன் 23, ஞாயிறு

முதல் சுற்றின் தடத்திலேயே கயிற்றை இரண்டாவது, மூன்றாவது முறை ஓட்டினால் முடிச்சு நிறைகிறது. முனையை நுழைக்கக் கோணி ஊசியைக் கல்லில் தேய்த்து மழுங்க வைத்துக்கொண்டேன். கூர் இருந்தால் கயிற்றையே குத்திவிடும்.

கட்டப் பத்து நிமிடம், இறுக்க ஒரு மணி நேரம். முனையைப் பிடித்து இழுத்தால் அந்த ஒரு இடம் மட்டும் இறுகி, உருவம் கோணலாகும். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வளைவாகத் தொய்வை அடுத்த வளைவுக்குத் தள்ளி, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று முழுச் சுற்றும் போக வேண்டும். இரண்டு மூன்று முறை போனால்தான் கல் மாதிரி ஆகும்.

ஜூலை 6, சனி

பெரியமேடு. தடியின் முடிச்சுக்கும் வளையத்துக்கும் தோல் வாங்கப் போனேன். தெரு முழுக்கத் தோல் வாசனை. துண்டுத் தோலை எடை போட்டு விற்கிறார்கள். தொட்டால் வெண்ணெய் போல இருந்த ஆட்டுத் தோல் ஒரு கிலோ வாங்கினேன். மாமா உடன் வரவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

வாங்கியது தப்பு. கீற்றாக வெட்டி இழுத்தால் ரப்பர் போல நீள்கிறது, நீளும்போதே நூலாக மெலிகிறது. வெட்டு முகத்தைப் பார்த்தால் உள்ளே நீலச் சாம்பல் நிறம். குரோம் உப்பில் பதனிட்ட தோல் அது. சட்டைக்கும் பைக்கும் நல்லது, பின்னலுக்கு இந்த மென்மை ஆகாது. எனக்கு வேண்டியது பட்டைத் தோல்.

பட்டைத் தோல் நம் ஊரின் பழைய தொழில். ஆவாரம் பட்டையை ஊறவைத்த நீரில் தோலை வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். குரோம் ஒரு நாளில் செய்வதைப் பட்டை பொறுமையாகச் செய்யும். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப் பட்டை ஆவாரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இன்றும் திண்டுக்கல், ஈரோடு பக்கம் பட்டைத் தோல் பதனிடுகிறார்கள். வியாபாரிகள் அதை ஈ.ஐ. தோல் என்பார்கள், ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். அடையாறில் 1948-லிருந்து தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தும் இதெல்லாம் எனக்கு நாற்பது வயதில்தான் தெரிய வேண்டியிருந்தது.

அடையாளம் சுலபம். வெட்டினால் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உறிஞ்சிக் கறுக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று மறுபடி போய்ப் பட்டைத் தோல் வாங்கி வந்தேன். ஆட்டுத் தோல், ஒரு மில்லிமீட்டர் கனம். முதுகுப் பகுதியாகப் பார்த்து எடுத்தேன். வயிற்றுப் பக்கம் தளர்வாக இருக்கும், இழுத்தால் ஒரு இடத்தில் நீளும், ஒரு இடத்தில் நீளாது.

நீளமான வார் வேண்டும் என்றால் நீளமான தோல் வேண்டும் என்று நினைத்திருந்தேன். தேவையே இல்லை. வட்டமாக வெட்டிக்கொண்டு, ஓரத்திலிருந்து சுருள் சுருளாக உள்ளே போனால் போதும். பத்து செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. அதை நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வார் வரும். ஒரு தோசைக் கரண்டி அளவுத் தோலுக்குள் இரண்டு மீட்டர்!

பலகையில் ஒரு ஆணி, நான்கு மில்லிமீட்டர் தள்ளிச் செங்குத்தாக ஒரு பிளேடு. தோலை இடையில் கொடுத்து இழுத்தால் வார் ஓடி வருகிறது. பிளேடு லேசாக மழுங்கினாலும் ஓரம் பிசிறும். மூன்று பிளேடு மாற்றினேன்.

வெட்டியது அரைவேலைதான். முதலில் வாரை நன்றாக இழுத்து நீட்டிவிட வேண்டும். இன்று ஒரு மீட்டர் வார் எட்டு செ.மீ. நீண்டது. அந்த நீட்சியை இப்போதே எடுக்காவிட்டால் பின்னிய பிறகு எடுத்துக்கொள்ளும், பின்னல் தொளதொளத்துப் போகும். அப்புறம் அடிப்பக்கத்து ஓரங்களைச் சாய்வாகச் சீவ வேண்டும். சீவாத வார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் படிக்கட்டு மாதிரி நிற்கும், சீவியவை ஒன்றோடொன்று படியும். ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாட்டை பின்னுகிறவர்கள் கங்காருத் தோலை விரும்புவதற்கும் இதுதான் காரணம். மெல்லியதாகச் சீவினாலும் அதன் பலம் போகாது.

மத்தியானம் முழுக்க வெட்டி, இழுத்து, சீவியதில் கைக்கு வந்தது நாலே வார். ஒரு பின்னல்கூடப் போடவில்லை. ஆனாலும் இதுதான் வேலை என்று இப்போது தெரிகிறது. நன்றாகத் தயாரித்த வாரைச் சுமாரான கை பின்னினாலும் அழகாக வரும். மோசமான வாரை யார் பின்னியும் காப்பாற்ற முடியாது.

ஜூலை 21, ஞாயிறு

தடிக்கு, மணிக்கட்டில் மாட்டும் வளையம். இரண்டு வாரை நடுவில் மடித்து நாலு கால். வலது கோடி வாரை இரண்டு வாருக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றின் மேலாகத் தன் பக்கமே திருப்ப வேண்டும். பிறகு இடது கோடி, அதே மாதிரி. தட்டையாக வராமல் உருண்டையாக வருகிறது. நாற்பது செ.மீ. பின்னலுக்கு ஒவ்வொரு காலும் அறுபது செ.மீ. வேண்டியிருந்தது.

தோல் ஈரப்பதமாக இருக்கும்போதே பின்ன வேண்டும். முதலில் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன், சொதசொதவென்று அளவுக்கு மீறி இழுபட்டது. இரண்டாவது முறை ஈரத் துணியில் அரை மணி நேரம் சுற்றி வைத்தேன். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், அழுத்தினால் தண்ணீர் வரக் கூடாது. சலவை சோப்பைச் சீவித் துளி தேங்காய் எண்ணெயில் குழைத்து விரலில் தொட்டுக்கொண்டால் வார் சிக்காமல் நழுவுகிறது. முடித்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து உருட்டினேன். மேடு பள்ளமெல்லாம் படிந்து, பாம்புக் குட்டி மாதிரி ஆகிவிட்டது. காய்ந்தபோது இன்னும் இறுகியது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வேலை இல்லை. கலந்த சாதம், மாமா வீட்டுக்கும் கொடுத்தோம். இரண்டு சுட்டுவிரலிலும் வார் அறுத்த தடம், புளிசாதம் பிசையும்போது எரிந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிடியைச் சுற்ற வேண்டும். தடியின் சுற்றளவு 7.5 செ.மீ. கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, தன் கண்ணிக்குள்ளேயே நுழைத்து இழுக்க வேண்டும். மறுபடி ஒரு சுற்று, ஒரு கண்ணி, ஒரு இழுப்பு. ஒவ்வொரு கண்ணியும் முந்தையதை ஒட்டிக் கொஞ்சம் தள்ளி உட்காருவதால், பிடியில் கொடி சுற்றியது போல ஒரு மேடு தானாக ஏறிப் போகிறது. அந்த மேடுதான் விரலுக்குப் பிடிமானம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது பூக் கட்டுற முடிச்சுதானேடி" என்றாள். உண்மைதான்! வாழைநாரில் மல்லிகையை வைத்து ஒரு சுற்று, ஒரு கண்ணி, ஒரு இழுப்பு. கயிறு முப்பது சொச்சம் சுற்று வாங்கியது. பாதிக்கு மேல் அம்மாதான் போட்டாள். எங்கே நான் விட்டேன், எங்கே அவள் தொடங்கினாள் என்று பார்த்தாலே தெரிகிறது. அவள் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தோலில் டர்க்ஸ் ஹெட். கயிறு உருண்டை, அதற்கு மேல் கீழ் கிடையாது. தோல் வாருக்கு வழவழப்பான முகம் ஒன்று, சொரசொரப்பான முதுகு ஒன்று. எந்த வளைவிலும் அது புரளக் கூடாது. புரண்ட இடம் தனியாகப் பல்லிளிக்கும். மூன்று மில்லிமீட்டர் வார், 1.2 மீட்டர், மூன்று கால், ஐந்து இதழ். மூன்றாவது சுற்றின் கடைசி இழுப்பில் அறுந்தது. ஓரத்தை அளவுக்கு மேல் சீவியிருக்கிறேன். அழுகை வந்தது. மாமா அறுந்த வாரை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு இடந்தாம்மா மெலிஞ்சிருக்கு, மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்றார். மறுபடி வட்டம் வெட்டினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பிடிக்கு மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு, நடுவில் அம்மாவின் சுற்று, குமிழுக்கடியில் வளையம். காலையில் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினார், ரொம்ப நேரம். "நல்லாருக்கு. மேல் முடிச்சு கட்டை விரல்ல இடிக்குது" என்றார்.

அவர் உள்ளங்கையை அளந்தேன், ஒன்பதரை செ.மீ. நான் இடைவெளி விட்டது எட்டரை. என் கையை வைத்து அளந்திருக்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மேல் முடிச்சை வெட்டி எடுத்துவிட்டு ஒன்றரை செ.மீ. ஏற்றிப் புதிதாகக் கட்டினேன். இது நான்காவது தோல் முடிச்சு, நாற்பது நிமிடத்தில் முடிந்தது, ஒரு இடத்திலும் புரளவில்லை.

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. அப்பா தனியாகத் தெருமுனை வரை போய் எருக்கம்பூ மாலையும் குடையும் வாங்கி வந்தார். படியில் இறங்கும்போது நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் முன்னால் கட்டை விரல் மேல் முடிச்சைத் தேடிப் போய்த் தொட்டுக்கொள்கிறது. கீழ் முடிச்சின் நிறம் இரண்டே வாரத்தில் வேர்வை பட்டுக் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

மாமா எட்டு கால் பின்னலைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குப் புதன்கிழமை பெரியமேட்டுக்கு வர வேண்டுமாம்.